பைபாஸ் தடத்தில் பானை ஓடுகள்: கோடு உறுதியாகும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இது. தென் மாவட்டம் ஒன்றில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள நான்குவழி பைபாஸுக்கு டி.பி.ஆர். (விரிவான திட்ட அறிக்கை) தயாரிக்கும் குழுவில் இருக்கும் ஓர் இளம் பொறியாளர், சர்வேக்குப் போன இடத்தில் உழுத புஞ்சையில் கருப்பு சிவப்புப் பானை ஓடுகளைப் பார்த்திருக்கிறார். இரண்டு ஓடுகளைப் பையில் போட்டு எடுத்தும் வந்துவிட்டார். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் அந்த இடம் இல்லை. சாலை வேலை தொடங்கும் முன் தொல்லியல் நோக்கில் எதையெல்லாம் பார்க்க வேண்டும், யாரிடம் போக வேண்டும், அறிக்கையில் என்ன எழுத வேண்டும் என்று கேட்கிறார்.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் நிம்மதி தந்த விஷயம், டி.பி.ஆர். இன்னும் முடியவில்லை என்பது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேற்பரப்பாய்வுக்காக ஊர் ஊராக நடந்திருக்கிறேன். இப்படிப்பட்ட அழைப்புகள் எனக்கு வருவதெல்லாம் அநேகமாக ஜேசிபி இறங்கிய பிறகுதான். ஒருமுறை பள்ளி ஆசிரியர் ஒருவர் காலையில் போன் செய்து, தாழிகள் (இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானைகள்) வரிசையாக வெளியே தெரிகின்றன என்றார். பஸ் பிடித்து மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். தாழிகள் இருந்த மண் லாரிகளில் போய்விட்டது. வெட்டுமுகத்தில் பாதி வட்டமாக நான்கைந்து வாய் விளிம்புகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அங்கே நின்ற மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. "சொல்லியிருந்தா பத்து மீட்டர் தள்ளித் தோண்டியிருப்போமே சார்" என்றார். சொல்ல வேண்டிய காலத்தில் சொல்வதற்கு யாரும் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் எந்தக் கருவி, எந்தச் சட்டம் என்பதற்கெல்லாம் முன்னால், எப்போது பார்க்கிறோம் என்பதைப் பேசிவிடுகிறேன். அயர்லாந்தில் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள் இதற்கு நல்ல பாடம். வாட்டர்ஃபோர்டு நகரத்துக்கு பைபாஸ் போடுவதற்காக 2003-ல் ஷூர் ஆற்றங்கரையில் உட்ஸ்டவுன் என்ற இடத்தில் சோதனை அகழிகள் வெட்டினார்கள். வைக்கிங்குகளின் 9-ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டது. சாலை வேலை இன்னும் தொடங்கவில்லை. 2005-ல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்து, சாலையை விலக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் குடியிருப்பின் பெரும்பகுதி இன்றும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்று எம்3 நெடுஞ்சாலை. பழைய ஐரிஷ் அரசர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் தாரா குன்றுக்கு அருகே போகிறது. அங்கேயும் முன்கூட்டியே சோதனைகள் நடந்திருந்தன. ஆனாலும் லிஸ்மல்லின் என்ற இடத்தில் 80 மீட்டர் விட்டமுள்ள இரும்புக்காலத்து மரக்கம்ப வட்டம் ஒன்று, 2007-ல் மேல்மண்ணை முழுதாக வழித்தபோதுதான் கண்ணில் பட்டது. அதையும் தேசிய நினைவுச் சின்னமாகத்தான் அறிவித்தார்கள். ஆனால் தடம் முடிவாகி வேலையும் ஆரம்பமாகிவிட்டது. அகழ்ந்து பதிவு செய்தார்கள், அப்புறம் சாலை அதன்மேல் போனது. 2010 ஜூனில் திறந்தும்விட்டார்கள். நாடும் சட்டமும் ஒன்றுதான். கண்டுபிடித்த நேரம் மட்டும் வேறு.

நம் ஊர்க் கணக்கில் அந்த நேரம் எது? உங்களுடையது தேசிய நெடுஞ்சாலை என்றால், 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ அறிவிப்புக்கு, அதாவது நிலம் எடுக்கப் போகிறோம் என்ற முதல் அறிவிப்புக்கு முன்னால். 3ஏ வந்துவிட்டால் சர்வே எண்கள் வெளியே வந்துவிடும். அடுத்த 3டி அறிவிப்பும் வந்துவிட்டால் நிலம் அரசுக்குப் போய்விடும். அதன்பிறகு இருநூறு மீட்டர் விலக்க வேண்டும் என்றால் இன்னொரு கிராமத்துக்கு மறுபடி முதலிலிருந்து அறிவிப்பு, ஆட்சேபம், விலை நிர்ணயம் என்று எல்லாம் தொடங்க வேண்டும். எந்தத் திட்ட இயக்குநரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. பாதைக்கு மூன்று நான்கு மாற்றுகளை ஒப்பிடும் கட்டத்திலேயே, நிலத்தின் விலை, பாலங்களின் எண்ணிக்கை, வீடுகளின் இழப்பு ஆகியவற்றோடு தொல்லியலும் ஒரு பத்தியாக அந்த அட்டவணையில் இருக்க வேண்டும். உங்களால் செய்ய முடிந்தவற்றில் இதைவிடப் பெரிய உதவி இல்லை.

பட்டியலில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டியல் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாது என்பது பலருக்கும் தெரிவதில்லை. 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வைக்கின்றன. மாநில அரசின் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலத் துறை அறிவித்த இடங்களைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டுமே ஏற்கெனவே அறிவிக்கப்பட்டவற்றுக்குத்தான். நாடு முழுவதற்கும் மத்தியப் பட்டியலில் இருப்பவை 3,600 சொச்சம். ஒப்பிட்டுப் பாருங்கள்: இந்தியத் தொல்லியல் துறையின் பெங்களூரு அகழாய்வுப் பிரிவு 2013-14-ல் வைகை என்ற ஒரே ஆற்றின் கரைகளில் நடந்து போய்ப் பதிவு செய்த இடங்கள் மட்டும் 293. அந்த 293-ல் ஒன்றுதான் கீழடி. 2015-ல் அகழாய்வு தொடங்கும்வரை அது பள்ளிச்சந்தைத் திடல் என்ற தென்னந்தோப்பு மேடு. மதுரை–ராமேசுவரம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தும், அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு அது வெறும் தோப்பு. அன்று யாராவது பட்டியலை மட்டும் பார்த்து அறிக்கை எழுதியிருந்தால், "தொல்லியல் சின்னம் ஏதும் இல்லை" என்றுதான் எழுதியிருப்பார்கள். பட்டியல்படி அது உண்மையும்கூட.

2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் படிவத்தில் 15 கிலோமீட்டருக்குள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பண்பாட்டு மதிப்புள்ள இடங்கள் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதுவும் பட்டியல் கேள்விதான். 100 கிலோமீட்டருக்குள் அடங்கும் நெடுஞ்சாலை விரிவாக்கங்கள் பலவற்றுக்கு 2013 திருத்தத்துக்குப் பிறகு சுற்றுச்சூழல் அனுமதியே தேவைப்படுவதில்லை. உலக வங்கிக் கடன் வாங்கும் திட்டம் என்றால் நிலைமை கொஞ்சம் மேல். பண்பாட்டு மரபுக்கென்றே ஒரு தனித் தரவிதி அவர்களிடம் இருக்கிறது, பட்டியலில் இல்லாதவற்றையும் தேடச் சொல்கிறது. உங்கள் திட்டத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும், அதை வாங்கிப் படித்து அதன்படி செய்வதை யாரும் தடுக்கப் போவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் இரண்டு வாரம் மேசையில்தான். நிலவியல் வரைபடம், இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள் ஆகியவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். அவற்றோடு ஒவ்வொரு கிராமத்துக்கும் ஏ பதிவேடும் (சர்வே எண்வாரியான நிலப் பதிவேடு) புல வரைபடமும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் தேட வேண்டியது பெயர்களை. நத்தமேடு, கோட்டைமேடு, பாண்டியன் திடல், தாழிக்காடு, பரம்பு, பாண்டவர் குழி, மாண்டவர் மேடு என்று வந்தால் அந்தச் சர்வே எண்ணைச் சிவப்பில் வட்டமிடுங்கள். தாமிரபரணிப் பக்கம் ஆதிச்சநல்லூரும் சிவகளையும் பரம்பு என்ற பெயராலேயே உள்ளூரில் அறியப்பட்டவை. பதிவேட்டில் இல்லாத பெயர்கள் ஆடு மேய்ப்பவர்களிடம் இருக்கும். அவர்களிடம் "தொல்லியல் இடம் இருக்கா" என்று கேட்டால் கோயிலைக் காட்டுவார்கள். "உழும்போது பெரிய பானை எங்கேயாவது தட்டுப்பட்டிருக்கா, இரும்புக் கிட்டம் கிடக்குமா, சாம்பல் மண் எங்கே இருக்கு, வழக்கத்தைவிடப் பெரிய செங்கல் எங்கே கிடைக்கும்" என்று கேளுங்கள். விடை தானாக வரும்.

ஏற்கெனவே எழுதப்பட்டவையும் நிறைய உண்டு. கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887-லிருந்து வருகின்றன. தமிழகத் தொல்லியல் கழகத்தின் ஆவணம் இதழ் 1991-லிருந்து ஆண்டுதோறும் புதுக் கண்டுபிடிப்புகளை ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறது. மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்ட வெளியீடுகள் இருக்கின்றன. பழைய செயற்கைக்கோள் படங்களை மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் கொரோனா உளவுக்கோள்கள் 1960-களில் எடுத்த படங்கள் 1995-ல் பொதுவெளிக்கு வந்துவிட்டன. டிராக்டர் வந்து மேடுகளைச் சமப்படுத்துவதற்கு முந்தைய நிலம் அதில் தெரியும். இன்று மட்டமாக இருக்கும் வயலில் அன்று ஒரு வட்ட மேடு தெரிந்தால், அதன் அடிப்பகுதி இன்னும் மண்ணுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் நடை. இதற்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை என்பது என் அனுபவம். தடத்தின் அகலம் 60 மீட்டர் என்றால் அந்த 60-ஐ மட்டும் நடந்தால் போதாது. இருபுறமும் குறைந்தது 500 மீட்டர் சேர்த்துப் பாருங்கள். சாலைத் தடத்தை நகர்த்த வேண்டி வந்தால் எங்கே நகர்த்துவது என்பது அப்போதுதான் தெரியும். தடத்துக்குள் ஆளுக்கு ஆள் பதினைந்து இருபது மீட்டர் இடைவெளி, வெளியே கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். பழகிய நான்கு பேர் ஒரு நாளில் இரண்டு கிலோமீட்டர் தடத்தை ஒழுங்காகப் பார்க்கலாம். பருவம் முக்கியம். அறுவடை முடிந்து உழுது, ஒரு மழை பெய்து ஓடுகளைக் கழுவிவிட்ட மறுநாள்தான் மிகச் சிறந்த நாள். பருத்தியோ சோளமோ நெருங்கி நிற்கும் நிலத்திலும் கருவேலங்காட்டிலும் கண்ணுக்கு எதுவும் அகப்படாது. அங்கெல்லாம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதக் கூடாது, பார்க்க முடியவில்லை என்று எழுத வேண்டும். நான் பார்த்த அறிக்கைகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

கீழே பார்த்துக்கொண்டு நடப்பதோடு, ஏற்கெனவே வெட்டப்பட்ட மண்முகங்களையும் பாருங்கள். கிணற்றின் உட்சுவர், வாய்க்கால் கரை, செப்டிக் டேங்க் குழி, புதிதாக வெட்டிய பண்ணைக்குட்டை. யாரோ செலவு செய்து உங்களுக்காகத் தோண்டி வைத்திருக்கிறார்கள். மேலே ஒன்றுமே இல்லாத நிலத்தில் இரண்டு மீட்டர் ஆழத்துக் கிணற்றுச் சுவரில் ஓடுகளும் கரியும் அடுக்காகத் தெரிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆற்று வண்டல் மூடிய பகுதிகளில் இதை விட்டால் வேறு வழியும் இல்லை.

ஓடுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை ஜி.பி.எஸ்-ல் குறியுங்கள். பத்து மீட்டர்ச் சதுரங்களில் எத்தனை ஓடுகள் என்று எண்ணினால் மையம் எங்கே, விளிம்பு எங்கே என்பது தெளிவாகும். உரம் போட்ட குப்பையோடு வந்த ஓடுகள் வயல் முழுக்கத் தேய்ந்தும் சீராகப் பரவியும் கிடக்கும். குடியிருப்பு என்றால் ஓரிடத்தில் திரண்டு கிடக்கும், முனைகள் கூர்மையாக இருக்கும், கூடவே சுடுமண் சில்லு, சங்கு வளையல் துண்டு, மணி, இரும்புக் கசடு என்று வாழ்ந்ததன் சுவடுகள் வரும். வளைந்த கனமான சுடுமண் துண்டு கிடைத்தால் அது உறைகிணற்றின் (சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய கிணறு) வளையமாக இருக்கலாம்.

உங்கள் புஞ்சையைப் பற்றி ஓர் எச்சரிக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பகுதியில் ஈமக்காடும் வாழ்விடமும் பெரும்பாலும் இணையாகவே வரும். இறந்தவர்களைப் புதைக்கச் சரளை மேடு, வாழ்வதற்கு நீர்ப் பக்கத்து மண். கீழடியில் வாழ்ந்தவர்களுக்குக் கொந்தகையில் ஈமக்காடு. நீங்கள் கண்டது தாழிக்காடு என்றால் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் எங்கேயோ ஊர் இருந்திருக்கும். தாழிகளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சாலைத் தடத்தை நகர்த்தி, அந்த ஊரின் தலைமேல் போட்டுவிடக் கூடாது. இரண்டையும் கண்டுபிடித்த பிறகு நகர்த்துங்கள்.

தோண்டிப் பார்க்கலாமா என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். கூடாது. பாதுகாக்கப்படாத நிலத்தில்கூட மாநில அரசே மத்திய அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் அகழாய்வு செய்யவோ செய்ய அனுமதிக்கவோ முடியாது என்பது 1958 சட்டத்தின் 24-ஆம் பிரிவு. கன்சல்டன்சி நிறுவனம் மண்வெட்டியோடு இறங்குவதற்கு இடமே இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது சென்னையில் உள்ள மாநிலத் தொல்லியல் துறை ஆணையருக்கும் இந்தியத் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்துக்கும் உங்கள் வரைபடத்தோடு கடிதம் எழுதுவது, கூட்டு ஆய்வு கேட்பது. மாவட்டத் தொல்லியல் அலுவலர் இருந்தால் அவரை நேரில் பாருங்கள். மண்ணைத் தொடாமல் பார்க்கும் முறைகள் உண்டு. தரையூடுருவும் ரேடார், காந்தமானி, மின்தடை அளவீடு. கீழடிப் பணிகளிலும் இத்தகைய கருவிகள் பயன்பட்டன. சூளை, அடுப்பு, இரும்பு உலை ஆகியவற்றைக் காந்தமானி நன்றாகக் காட்டும். ஆனால் லிஸ்மல்லினை நினைவில் வையுங்கள். கருவி காட்டவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

கட்டுமானத்துக்கு முன் முழுமையாக அகழ்ந்தால் திட்டம் இழுத்துக்கொண்டே போகும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பிரிட்டனில் கேம்பிரிட்ஜ்–ஹண்டிங்டன் ஏ14 சாலையின் 34 கிலோமீட்டர் மேம்பாட்டுக்கு முன்னால் ஒரு கட்டத்தில் 250 தொல்லியலாளர்கள் வரை வேலை செய்தார்கள். ரோமானியர் கால மட்பாண்டச் சூளைகள் மட்டும் 40 கிடைத்தன. அந்தச் சாலை திட்டமிட்ட 2020 டிசம்பருக்கு முன்பே, மே மாதத்தில் திறந்தது. அகழாய்வைத் திட்டத்தின் கால அட்டவணையிலேயே வைத்துவிட்டார்கள், அதனால் அது யாரையும் நிறுத்தவில்லை. தாமதம் வருவது எதிர்பாராமல் கிடைப்பதால்தான்.

நம் பக்கத்தில் இதற்கு நேரெதிரான அனுபவம் ஹம்பி. துங்கபத்திரையின் குறுக்கே ஆனெகுந்திக்கு ஒரு பாலம் கட்டத் தொடங்கினார்கள். உலக மரபிடத்தின் நிலக்காட்சிக்கு அது என்ன செய்யும் என்பதை முதலில் கேட்கவில்லை. 1999-ல் யுனெஸ்கோ ஹம்பியை ஆபத்தில் உள்ள மரபிடங்களின் பட்டியலில் சேர்த்தது. 2006-ல்தான் வெளியே வந்தது. முடியாமலே கிடந்த பாலம் 2009 ஜனவரியில் இடிந்து விழுந்து, வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உயிரிழந்தார்கள். ஆற்றைக் கடக்க ஒரு பாலம் வேண்டும் என்ற ஊர் மக்களின் கோரிக்கை நியாயமானது. எந்த இடத்தில் என்பதை முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் அவர்களுக்குப் பாலமும் கிடைத்திருக்கும்.

இனி, பொறியாளர்கள் பலர் யோசிக்காத ஒன்று. சாலை போகும் தடத்தைவிட, சாலைக்கு மண் எடுக்கும் இடங்களில்தான் நாம் அதிகம் இழக்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம். நான்குவழிச் சாலையின் கரைக்கு எவ்வளவு கிராவல் தேவை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். நல்ல கிராவல் எங்கே இருக்கிறது? விவசாயத்துக்கு ஆகாத சரளை மேடுகளில். பழைய மக்கள் ஈமக்காட்டுக்குத் தேர்ந்தெடுத்ததும் அதே மேடுகளைத்தான். இது இன்றைய கதை இல்லை. 1863 மே 30-ஆம் தேதி நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடரி, இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கம் என்று நாம் கொண்டாடுவது, படை மைதானத்தில் சரளைக்காக வெட்டிய குழியிலிருந்து கிடைத்தது. அவர் கண் பட்டதால் கிடைத்தது. சிந்துவெளி நகரமான அரப்பாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. லாகூர்–முல்தான் ரயில் பாதைக்கு ஏறத்தாழ 100 மைல் தூரத்துக்கு அந்த நகரத்தின் செங்கற்களை ஜல்லியாகப் போட்டார்கள் என்று இந்தியத் தொல்லியல் துறையின் முதல் தலைவர் கன்னிங்காம் எழுதி வைத்திருக்கிறார். என்ன நகரம் அது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஆகவே உங்கள் ஆய்வு எல்லைக்குள் மண் எடுக்கும் இடங்கள், கல் குவாரி, ஹாட்மிக்ஸ் பிளான்ட், தொழிலாளர் முகாம், தற்காலிக லாரிப் பாதை, மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் மாற்றி வைக்கும் பள்ளம் எல்லாம் வர வேண்டும். ஒப்பந்ததாரர் பின்னால் தேர்ந்தெடுத்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது வழக்கம். விடாதீர்கள். புது மண் எடுக்கும் இடம் ஒவ்வொன்றும் தொடங்குவதற்கு முன் நடந்து பார்த்துச் சான்று தர வேண்டும் என்று டெண்டர் ஆவணத்திலேயே ஒரு நிபந்தனை எழுதுங்கள். கண்மாய்க்குள் மண் எடுப்பதாக இருந்தால் பழைய குமிழித்தூம்பின் (கண்மாய்க்குள் இருக்கும் நீர் வெளியேற்றும் மடை) கற்கால்களைத் தனியாகப் பாருங்கள். பாண்டியர் காலக் கல்வெட்டுகள் அவற்றில் இருக்கும். ஜேசிபி ஓட்டுபவருக்கு அது நடுவில் நிற்கும் இரண்டு கல்.

பைபாஸ் புதிய நிலத்தில் போவதால் புதைந்தவை பாதிக்கப்படும். இருக்கும் சாலையை அகலப்படுத்தும்போது பாதிக்கப்படுவது வேறு. உங்கள் திட்டத்தின் இரு முனைகளிலும் பழைய சாலையோடு சேரும் பகுதியில் இதைப் பார்க்க வேண்டியிருக்கும். நம் நெடுஞ்சாலைகள் பல, பழைய பெருவழிகளின் மேல் போனவை. தர்மபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் நாவல்தாவளத்துக்குக் காதம் 29 என்று எழுதி, எழுத்துத் தெரியாதவருக்காகக் குழிகளாலும் அந்த எண்ணைக் காட்டியிருக்கிறார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் ராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. தெற்கே மங்கம்மாள் சாலை, அவர் காலத்துச் சத்திரங்கள். இவற்றோடு சுமைதாங்கிக் கல், நடுகல், தண்ணீர்ப் பந்தல் கல், படிக்கிணறு. கர்ப்பிணியாக இறந்த ஒரு பெண்ணின் நினைவாக, தலைச்சுமையோடு நடப்பவர் இளைப்பாறட்டும் என்று வீட்டார் நட்டு வைத்த சுமைதாங்கியைச் சாலை விரிவாக்கத்தில் உடைத்துத் தடுப்புச் சுவருக்குப் போட்டதை நான் பார்த்தேன். அதில் பெயரும் ஆண்டும் வெட்டியிருந்தது. ஒரு கிரேனும் அரை நாளும் போதும், முப்பது மீட்டர் உள்ளே தள்ளி அதே ஊரில் நட்டுவிடலாம். உங்கள் மரங்களின் கணக்கெடுப்பைப் போல இந்தக் கற்களுக்கும் எண், படம், செயினேஜ் (சாலைத் தொடக்கத்திலிருந்து தூரம்), அளவு என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டால் யாரும் உடைக்க மாட்டார்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, இடமும் உறுதி என்றால் என்ன செய்வது? முதல் தேர்வு விலகிப் போவது. உங்கள் வளைவு ஆரத்துக்குள் எவ்வளவு நகர்த்தலாம் என்பதை நீங்களே கணக்கிடலாம். பல நேரம் எண்பது நூறு மீட்டரில் மையம் தப்பிவிடும். முடியாத இடத்தில் மேம்பாலத் தூண்களை வைத்துத் தாண்டலாம், தூண் விழும் இடத்தை மட்டும் அகழ்ந்தால் போதும். மேலே கரை போட்டு மூடிவிட்டால் கீழே பத்திரமாக இருக்குமே என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கரை போடும் முன் மேல்மண்ணை வழிக்கிறீர்கள், பிறகு ரோலர் போட்டு அழுத்துகிறீர்கள். தாழியின் வாய் சில இடங்களில் தரையிலிருந்து ஒன்றிரண்டு அடியிலேயே இருக்கும். மண்ணுக்குள் வெற்றிடமாக இருக்கும் பானை அந்த எடையைத் தாங்காது. அப்படிச் செய்தே தீர வேண்டும் என்றால் மேல்மண்ணை எடுக்காமல், துணிப்படலம் (ஜியோடெக்ஸ்டைல்) விரித்து, அதிர்வு இல்லாத ரோலரோடு, தொல்லியல் துறை பக்கத்தில் நிற்கச் செய்ய வேண்டும். கடைசி வழி முழு அகழாய்வு. அதற்குக் குறைந்தது ஒரு பருவம் ஒதுக்குங்கள். செலவைத் திட்ட மதிப்பீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். அகழ்ந்ததை ஆராய்ந்து அறிக்கை எழுதும் செலவையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் பொருட்கள் சாக்குப் பைகளில் கிடங்கில்தான் இருக்கும்.

எவ்வளவு பார்த்தாலும் எதிர்பாராதது கிடைக்கும். அதற்கு ஒப்பந்தத்தில் தெளிவான வழி வேண்டும். ஃபிடிக் என்ற பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பின் 1999 ஒப்பந்த மாதிரியில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. தொல்பொருள் கிடைத்தால் ஒப்பந்ததாரர் பொறியாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அதனால் ஆகும் கூடுதல் காலமும் செலவும் அவருக்குக் கிடைக்கும். அந்த இரண்டாவது பாதிதான் உயிர். ஜேசிபி நின்றால் மணிக்கணக்கில் வாடகை போகும். அதை அவர் தலையில் கட்டினால் பானை கிடைத்த செய்தி வெளியே வராது, இரவோடு இரவாக மண் போய்விடும். மேற்பார்வையாளர், ஓட்டுநர்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுங்கள். தாழி எப்படித் தெரியும், உறைகிணறு எப்படித் தெரியும் என்று படம் காட்டுங்கள். யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு எண்ணை கேபினில் ஒட்டுங்கள். மண்ணில் புதைந்து கிடைக்கும் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்திலிருந்தே இருக்கும் கடமை. அந்தக் கடமைக்குச் சட்டத்தில் சொன்ன மதிப்பு வரம்பு வெறும் 10 ரூபாய்தான்.

நிலத்துக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பானை ஓடு இருக்கிறது என்று தெரிந்தால் நிலம் போய்விடும், வீடு கட்ட முடியாது என்ற பயம் கிராமங்களில் ஆழமாக இருக்கிறது. அது முற்றிலும் ஆதாரமற்ற பயமும் இல்லை. அறிவிக்கப்பட்ட இடங்களைச் சுற்றிக் கட்டுப்பாடுகளோடு வாழும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் பொய் சொல்லாதீர்கள். மேலே கிடப்பதைப் படம் எடுக்கிறோம், தோண்டவில்லை, சாலைத் தடத்தை முடிவு செய்ய இது உதவும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். வி.ஏ.ஓ-வையும் அழைத்துக்கொண்டு போங்கள், ஆனால் முதலில் நிலத்துக்காரர் அனுமதி. பல இடங்களில் அவர்களேதான் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கிண்ணத்தையோ கல் மணியையோ எடுத்து வந்து காட்டியிருக்கிறார்கள்.

அறிக்கையில் என்ன எழுதுவது என்றால், தேடியதை எழுதுங்கள். எந்தெந்தத் தேதியில், எத்தனை பேர், எவ்வளவு இடைவெளியில் நடந்தோம், எந்தச் செயினேஜிலிருந்து எதுவரை பயிர் மறைத்தது, எந்தக் கிணறுகளின் சுவரைப் பார்த்தோம், யாரிடம் கேட்டோம். இதோடு மூன்று நிறத்தில் ஒரு வரைபடம்: கிடைத்தது, நன்றாகப் பார்த்தும் கிடைக்காதது, பார்க்க முடியாதது. மூன்றாவது நிறத்துக்கு அறுவடைக்குப் பின் மறுபடி போக ஒரு தேதி குறியுங்கள். தொல்லியல் படித்த ஒருவரின் கையெழுத்து அந்த அறிக்கையில் இருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அப்படி யாரும் இல்லையென்றால் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையிலோ வரலாற்றுத் துறையிலோ கேளுங்கள். ஆராய்ச்சி மாணவர்கள் ஆசையோடு வருவார்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள்.

கடைசியாக, பையில் இருக்கும் அந்த இரண்டு ஓடுகள். தூக்கிப் போட வேண்டாம், அலமாரியில் வைக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, எடுத்த தேதி, கிராமம், சர்வே எண், ஜி.பி.எஸ். புள்ளி, உங்கள் பெயர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். கழுவாதீர்கள், விளிம்பில் ஏதாவது கீறல் இருந்தால் மண் ஒட்டியபடியே இருக்கட்டும். கடிதத்தோடு போகும்போது அவற்றையும் எடுத்துப்போய் அலுவலரிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புள்ளி சரியாக நினைவில்லை என்றால் அந்த நாளில் போனில் எடுத்த படங்களைத் திறந்து பாருங்கள், இடக்குறிப்பு அதில் பதிவாகியிருக்கும்.